இடது கை தூக்கியவர்கள்

கவுசருக்கு அலுப்பு ராத்திரி வந்து காலையில் போகிற சங்கதி இல்லை. அவள் எழும்போதே அதுவும் கூட எழுந்துகொள்ளும். அரக்கோணத்தில் பாத்திரம் கழுவி, மகன் ஜாஹித்துக்கு டிபன் பாக்ஸ் கட்டி, கணவன் தன்வீருக்கு மெக்கானிக் ஷெட்டுக்குச் சோறு கட்டி, ஓட்டமும் நடையுமாகப் போய்த் திருத்தணி ரயிலைப் பிடித்தால் நிற்கத்தான் இடம் இருக்கும். முப்பத்து நாலு வயதில் பி.எட். சேர்ந்தவளைப் பார்த்து, 'இந்த வயசுல இது தேவையா' என்று கேட்காத ஆள் அவள் தெருவில் பாக்கி இல்லை. அவளே தன்னைப் பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு அலுப்போடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பாவில் நாலைந்து நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து, நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்களை நாடு விட்டு நாடு அனுப்பிப் பழக்குகின்றன. எந்த மொழிப் பிள்ளை, எந்த மதத்துப் பிள்ளை எதிரில் உட்கார்ந்தாலும் மிரளாமல் பாடம் நடத்த வர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த வரிசையில் எப்படியோ அவள் படிக்கும் திருத்தணிக் கல்லூரியும் சேர்ந்துவிட்டது. இங்கிருந்து ஒரே ஒருவர் செப்டம்பரில் போர்ச்சுகலுக்குப் போய், நாலு மாதம் அந்த நாடுகளின் மாணவர்களோடு சேர்ந்து பயிற்சி எடுக்கலாம். செலவு முழுக்க அவர்களுடையது. யார் போவது என்ற போட்டியில் கடைசியில் மிஞ்சியது ஸ்ரீதரும் கவுசரும். ஸ்ரீதர் முந்தின நாளே வகுப்பு எடுத்துக் காட்டிவிட்டான். இன்றைக்கு அவள் முறை.

இதைத் தன்வீரிடம் அவள் மூச்சு விடவில்லை. "வெள்ளைக்காரங்க கிளாஸ் பாக்க வர்றாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். கிடைக்காத ஒன்றுக்காக வீட்டில் எதற்கு ஒரு சண்டை? கிடைத்துவிட்டால் என்ன சொல்வது என்று யோசிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. ஆனால் போக வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது, வெட்கம் கெட்ட ஆசை. நாலு மாதம் படிப்பு ஒன்றையே வேலையாக வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்க்க வேண்டும்.

வந்திருந்தவர்கள் மூன்று பேர். பேராசிரியை மார்த்தா போர்ச்சுகல்காரி. ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் இருவர், எஸ்டோனியாவிலிருந்து லீஸ் என்ற பெண், போலந்திலிருந்து ஓர் உயரமான பையன். முதல் நாள் மார்த்தா பலகையில் கடலையும் அதில் மிதக்கும் பனிமலையையும் வரைந்தாள். பண்பாடு இப்படித்தான், வெளியே தெரிவது கொஞ்சம், தண்ணிக்கடியில் கிடப்பதே அதிகம் என்றாள். கவுசர் பார்த்த பெரிய ஐஸ் எல்லாம் மீன் மார்க்கெட்டில் சாக்குக்குள் இருப்பதுதான், இருந்தாலும் தலையாட்டினாள். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டபோது, உருது, தமிழ், தெலுங்கு என்று ஆளுக்கு ரெண்டு மூன்று சொல்ல, மார்த்தா கண்ணை அகல விரித்து, 'மல்டிலிங்குவல்', பன்மொழிக்காரர்கள், என்று பலகையில் எழுதினாள்.

பக்கத்தில் இருந்த வகுப்புத்தோழி பிரேமா காதைக் கடித்தாள். "நம்ம பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரன் பேசறத்துக்கு ஒரு பேரு வச்சி, பிளைட்டு ஏறி வந்துகிறாங்க பாரேன்."

வகுப்பு நடக்கவிருந்தது ஊருக்குள் ஒரு நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பில். கல்லூரி முதல்வர் அசோக்குமார் முந்தின நாள் சாயந்திரமே அங்கே வந்து ஒத்திகை பார்த்துவிட்டார். வகுப்பாசிரியை மணியம்மை பிள்ளைகளுக்குப் பழைய பாடத்தையே திரும்பச் சொன்னாள். "கேள்வி கேட்டா எல்லாரும் கை தூக்கணும். தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. புரிஞ்சுதா?"

பிள்ளைகளுக்குப் புரியாமல் என்ன! இன்ஸ்பெக்‌ஷன் வருகிற ஒவ்வொரு முறையும் இதே கூத்துதான். பார்க்கிறவருக்கு வகுப்பு முழுக்கக் கை தெரியும். பாடம் எடுப்பவர் வலது கையாகப் பார்த்துப் பெயர் சொல்லுவார். இடது கைக்காரரை யாரும் கேட்க மாட்டார்கள். கவுசரும் சின்ன வயதில் கணக்கு வகுப்பில் வருடக்கணக்காக இடது கை தூக்கியவள்தான். அப்போது அது நிம்மதியாக இருந்தது. யாருமே தன்னைக் கேட்கவில்லையே என்ற ஆத்திரம் பின்னால்தான் வந்தது.

பின்னங்கள் பாடம். கவுசர் வலது கைகளாகப் பார்த்துக் கேட்டாள், பதில்கள் டாண் டாண் என்று வந்தன. மார்த்தா குறிப்பெடுத்தாள். அசோக்குமார் முகத்தில் கல்யாண வீட்டுக்காரர் களை. கவுசருக்கும், ஸ்ரீதரைத் தாண்டிவிடுவோம் போலிருக்கிறதே என்று உள்ளுக்குள் ஒரு துடிப்பு.

"மூணுல ரெண்டு பெருசா, அஞ்சுல மூணு பெருசா?" என்று கேட்டுப் பலகையில் எழுதினாள். வகுப்பே கை தூக்கியது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த லீஸுக்கும் உற்சாகம் தாங்கவில்லை. அவளும் விறுக்கென்று கை தூக்கினாள். பாவம், அவளுக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பிறகு முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "மிஸ்! அந்த அக்காக்கும் தெரியாதாம் மிஸ்!"

கூரை அதிரச் சிரிப்பு. லீஸ் ஒன்றும் புரியாமல் கையைத் தூக்கியபடியே விழித்தாள். பக்கத்தில் இருந்த பையனுக்கு அவள் மேல் இரக்கம் வந்துவிட்டது. "பரவால்லக்கா. சும்மா தூக்கிகினு இரு. உன்ன கேக்கவே மாட்டாங்க" என்று தைரியம் சொன்னான்.

"என்ன சொல்கிறான்?" என்று மார்த்தா ஆங்கிலத்தில் கேட்டாள்.

அசோக்குமார் முந்திக்கொண்டார். "லீஸைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது என்கிறான்."

மார்த்தா கவுசரைப் பார்த்தாள். "அப்படியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அசோக்குமாரின் கண் அதைத்தான் கெஞ்சியது. கவுசர் பிள்ளைகளைப் பார்த்தாள். இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பதால் தூக்கிய கைகள் தூக்கியபடி இருந்தன. வலி பொறுக்காமல் சில பேர் இடது முழங்கையை வலது கையால் முட்டுக்கொடுத்துத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பொய் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும், அது அவளிடம் அப்போது இல்லை.

"இல்லை மேடம்," என்றாள். "வலது கை என்றால் பதில் தெரியும். இடது கை என்றால் தெரியாது. நீங்கள் வருவதால் அப்படிச் சொல்லிவைத்தோம்." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "கைய எறக்குங்கப்பா. போதும்" என்றாள்.

மணியம்மை தலையைக் குனிந்துகொண்டாள். அசோக்குமார் கர்ச்சீப்பை எடுத்தார். லீஸ்தான் முதலில் பேசினாள். "படிப்பில் நான் மந்தம். எங்கள் பள்ளிக்கு மேலதிகாரி வருகிற நாளில் என்னை நூலகத்தில் புத்தகம் அடுக்க அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும். ஏன் அனுப்பினார்கள் என்று பெரியவளான பிறகுதான் புரிந்தது."

மார்த்தா சிரிக்கவில்லை. "இன்னும் நேரம் இருக்கிறதே. யாருக்குப் பாடம் எடுக்கப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

கவுசர் இடது கைக்காரர்களை முன்னால் வரச் சொன்னாள். தயங்கித் தயங்கி வந்தார்கள், பாதி வகுப்புக்கு மேல் வந்துவிட்டது. நோட்டுத்தாளைக் கிழித்து மூன்றாகவும் ஐந்தாகவும் மடித்துக் காட்டினாள். லீஸும் வந்து தரையில் உட்கார்ந்து மடித்தாள். அப்படி ஒன்றும் பிரமாதமான பாடமில்லை. சிலருக்குப் புரிந்தது, சிலருக்குப் புரியவில்லை, நடுவில் மணி அடித்துவிட்டது.

"மானத்த வாங்கிட்டீங்களேம்மா," என்றார் அசோக்குமார், வெளியே வந்ததும். "நாலு நாடு சிரிக்கப் போவுது."

போனது போனதுதான் என்று கவுசர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அழுகை வந்தது, அழவும் அலுப்பாக இருந்தது. பள்ளிக்கூட வாசலில் மார்த்தா அவளைப் பிடித்தாள். ஸ்ரீதரின் வகுப்பு அழகாக இருந்தது என்றும், ஆனால் தங்களுக்கு வேண்டியது கவுசர்தான் என்றும் சொன்னாள். "வீட்டில் எல்லாருக்கும் சம்மதம்தானே?"

"ஃபுல் சப்போர்ட் மேடம்," என்று பின்னாலேயே ஓடிவந்த அசோக்குமார் சொன்னார். மனுஷர் அதற்குள் தேறிவிட்டார்.

"நாளைக்குச் சொல்கிறேன்," என்றாள் கவுசர்.

ரயிலில் வரும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தயாரித்தாள். ஒன்றும் நிற்கவில்லை. வீட்டில் தன்வீர் சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜாஹித் டிவி முன்னால் இருந்தான். வாசற்படியில் நின்றபடியே, உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

தன்வீர் தேய்ப்பதை நிறுத்தினான். "எத்தினி நாளா நடக்குது இது? எனக்கு ஏன் சொல்லல?"

"கெடைக்காதுன்னு நெனச்சேங்க."

"நெனச்சியா?" அவன் குரல் உயர்ந்தது. "நாலு மாசம்! ஜாஹித்த யாரு எழுப்புவாங்க? யாரு ஸ்கூலுக்கு அனுப்புவாங்க? எனக்கு ஷெட்டுல கை ஒழியாது. சோத்துக்கு இன்னா பண்றது? சொல்லு, எப்டி நடக்கும்?"

எல்லாம் பார்த்துக்கலாம், அக்கா வருவாள், பக்கத்து வீட்டில் சொல்லலாம் என்று ரயிலில் தயாரித்ததெல்லாம் வாய்வரை வந்தது. அத்தனையும் பதில் தெரியாமலே தூக்குகிற வலது கை என்று அவளுக்குப் பட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்துக்கு நேராக இடது கையைத் தூக்கினாள்.

தன்வீர் முறைத்தான். எட்டாவது வரை படித்தவன், அவனும் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன். சட்டென்று அவன் முகம் மாறியது.

"ஏய்... நீயும் அந்தப் பார்ட்டியா?"

"ஆங். கணக்குல எப்பவும்."

"நானு எல்லாத்துலயும்." அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. சோப்பு நுரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஒரு நாளு கூட எந்த வாத்தியாரும் என்ன கேட்டதில்ல, கவுசர். எட்டாவதோட ஷெட்டுக்குப் போனேன். ஏண்டா வரலன்னு கூட யாரும் கேக்கல."

கவுசருக்குக் கை வலித்தது, ஆனாலும் இறக்கவில்லை.

தன்வீர் கையைக் கழுவாமலே, கிரீஸும் நுரையும் வழிய, தன் இடது கையைத் தூக்கினான்.

"எப்டி சமாளிக்கறதுன்னு எனக்குந் தெரியல," என்றான். "ஆனா நீ போ. போயி கத்துகினு வா."

அவளுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அழுதாள். டிவியிலிருந்து திரும்பிப் பார்த்த ஜாஹித், இரண்டு பேரும் எதற்குக் கை தூக்கி நிற்கிறார்கள் என்று புரியாமல், தானும் ஒரு கையைத் தூக்கி வைத்தான்.