பாலத்தில் எண்ணியவர்கள்

பள்ளி விட்டபின் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்புகளுக்கு நிதி தரும் அறக்கட்டளையில் அவர் ஆய்வாளர். சொல்லாமல் கொள்ளாமல் போய், உள்ளே நுழையுமுன் வாசலில் நிற்கும் சைக்கிள்களை எண்ணுவது அவருடைய பதினான்கு ஆண்டுப் பழக்கம். எழுதிய அறிக்கையை ஒருமுறைகூட அடித்துத் திருத்தியதில்லை என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமை.

அந்த வியாழக்கிழமை, மாடியில் வகுப்பு நடக்கும் நூலகத்தின் வாசலில் ஒரே ஒரு சைக்கிள் நின்றது. அதுவும் பஞ்சர். விண்ணப்பத்திலோ இருபத்திரண்டு பிள்ளைகள். மாடிப்படியில் கால் வைக்காமலே, ‘வகுப்பு நடக்கவில்லை, நிதியை நிறுத்தலாம்’ என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை பிற்பகல் அறக்கட்டளைக் குழு கூடி முடிவெடுக்க இருந்தது. அன்று காலையே நூலகர் அம்மாள் அவர் அறைக்கு வந்தார். கூடவே, கையில் நோட்டுடன் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. இருவரில் ஒருவர் முகத்திலும் கெஞ்சல் இல்லை.

“வகுப்பு நடக்கலைன்னு எழுதிட்டீங்களாமே, சார்?”

“நடந்திருந்தா சைக்கிள் நின்னிருக்கணுமேம்மா. ஒண்ணுதானே நின்னுச்சு.”

“அது என்னோடது. மத்ததெல்லாம் பிள்ளைங்களோட பாலத்துக்குப் போயிருச்சு. பாலத்துக்கிட்ட ரோட்டைக் கடக்க சிக்னல் வேணும்னு மனு எழுதறாங்க. அதுக்காக வண்டி எண்ணுறாங்க. அதுதான் சார் வகுப்பு.”

“இப்படி யார் வேணா சொல்லலாம்.”

“சொல்ல வேணாம் மாமா, படிச்சுப் பாருங்க,” என்று சிறுமி நோட்டை விரித்தாள்.

நேரம், வண்டி, திசை என்று கோடு பிசகாத மூன்று கட்டங்கள். அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. ‘4.10: அறக்கட்டளை ஜீப், நூலகப் பக்கம். 4.17: அதே ஜீப், திரும்பியது. ஹாரன் அதிகம்.’

“பாலத்துலேருந்து நூலகம் மூணு நிமிஷம். போக மூணு, வர மூணு. அங்க நீங்க இருந்தது ஒரே நிமிஷம் மாமா. நாங்க எல்லாரும் கை காட்டினோம். நீங்க பேப்பரையே பார்த்துட்டிருந்தீங்க.”

வாசலில் நின்ற டிரைவர் தொண்டையைச் செருமினார். “அண்ணே, ஹாரனை அடிடா அடிடான்னு சொன்னது நீங்கதான். என்மேல போட்டுடாதீங்க.”

ஆய்வாளர் நோட்டை மெல்ல மூடினார். “இதை இன்னிக்கு ஒரு நாள் எனக்குக் குடுப்பியாம்மா?”

“பத்திரமாத் திருப்பித் தரணும். அட்டை கிழியக் கூடாது,” என்றாள் அவள்.

பிற்பகலில், தலைவர் அறிக்கையைக் கையில் எடுக்குமுன்பே ஆய்வாளர் எழுந்து நின்றார்.

“அது தப்பான அறிக்கைங்க. நான் மாடி ஏறவே இல்லை. வகுப்பு நடந்திருக்கு.”

குழுவினர் ஏழு பேரும் பார்த்திருக்க, தம் எழுத்தைத் தாமே அடித்தார். ‘நிதியைத் தொடர வேண்டும்’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். பிறகு நோட்டைப் பிரித்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படித்தார். ஜீப் வந்த வரியையும் விடவில்லை. ‘ஹாரன் அதிகம்’ என்பதை இரண்டு முறை படித்தார்.