தனி சர்வர்

தஞ்சைத் தரணியின் விவசாயத்தையே இணையத்தில் ஏற்றி உலகுக்குக் காட்டப் பிறந்தவன் சதீஷ். அப்படித்தான் அவன் அச்சடித்த நோட்டீஸில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், பாபநாசத்து உரக்கடை மாடியில் சோழா குளோபல் என்று கம்பெனிக்குப் பெயர் வைத்து அந்தப் பிறவிக் காரியத்தைத் தொடங்கினான்.

நெல் அறுப்பு மெஷினை வீட்டிலிருந்தே வாடகைக்குப் பதிவு செய்ய ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதினான். அதைக் குடிவைக்க ஹோஸ்டிங் தேடினான். அமெரிக்கக் கம்பெனி இங்கிலீஷில் கேள்வி கேட்டது. சென்னைக் கம்பெனி போனை எடுக்கவில்லை. கும்பகோணத்துக் கம்பெனி முதல் மணியிலேயே எடுத்தது, விலையும் குறைவு. ஒரே கம்ப்யூட்டரில் இருநூறு பேர் ஒண்டுக்குடித்தனம் இருக்கிற ஷேர்டு பிளான். அதை வாங்கிவிட்டு, "பங்குன்னாலே வம்பு. நமக்குத் தனி சர்வர்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான். ஊரும் நம்பியது. சித்தப்பாவுக்கும் பங்குள்ள போர்வெல் மோட்டார் கொட்டகைக்குப் போன மாசம் பூட்டுப் போட்டவன் அல்லவா!

மீரா சாகிப் வந்தார். ஆறு அறுப்பு மெஷின் வைத்திருப்பவர். அவர் சேர்ந்தால்தான் கம்பெனி நிற்கும்.

"தனி சர்வர்தானே தம்பி?"

"நம்மளுது மட்டும்தான் பாய்."

பதிவுப் பொத்தானை அழுத்தினான். சேமிக்க முடியவில்லை என்றது திரை. இன்னும் இரண்டு தரம் அழுத்தினான். அதையே சொன்னது.

"நம்ம ஆளுங்களை ஒரு பிடி பிடிக்கிறேன், பாருங்க" என்று போனை ஸ்பீக்கரில் போட்டான். "சோழா குளோபல் எம்.டி. பேசுறேன். என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க என் சர்வரை?"

"ஐயா, உங்களுது ஷேர்டு பிளான்ங்க. மத்த நூத்தித் தொண்ணூத்தொம்பது பேருக்கும் நல்லா ஓடுது... சதீஷ் அண்ணனா? நான் வானதிண்ணே, சித்தப்பா மக. இங்கதான் வேலை."

ஸ்பீக்கரை அணைக்கப் போன விரல் சத்தத்தைக் கூட்டிவிட்டது.

"உங்க பங்கு இடம் நிரம்பிடுச்சுண்ணே. எதையாச்சும் அழிச்சாத்தான் புதுசு பதிவாகும். பாரமா ஒரே ஒரு ஃபோல்டர்தான் இருக்கு."

மீரா சாகிப் செருப்பை மாட்டிக்கொண்டார். "இந்தப் புள்ள வீட்டு வயலுக்குத்தானே தண்ணிய நிறுத்தினீங்க? முதல்ல கொட்டகையைத் திறந்துவிடுங்க தம்பி. மெஷின் கதையை அப்புறம் பேசுவோம்."

படியிறங்கும் சத்தம் கேட்டது.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா? அழிக்கட்டுமா?"

"அழிச்சுடும்மா" என்றான் மெல்ல.

அழிந்தவை கம்பெனித் திறப்புவிழாப் படங்கள், நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் சதீஷ் மட்டுமே இருந்தான்.