திரும்பி வருவதற்கு ஒரு பரஸ்தானம்

என் மனைவி வளர்மதி பிரான்சுக்கு விமானம் ஏறிய கதை இது. வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் நம் பக்கம் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். உதவாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள். ஒரே பெண் அபிநயா. கல்யாணமாகி மாப்பிள்ளையோடு பிரான்சில் லியோன் என்ற ஊரில் இருக்கிறாள். ஆனி மாதக் கடைசியில் அவளுக்குப் பிரசவம். அம்மா வந்தால்தான் ஆகும் என்று பிடிவாதமாகச் சொல்லி, ஒரு வருட விசாவுக்கு அவளே எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாள். மாடுகளையும் கரும்பையும் விட்டுவிட்டு நான் போக முடியாது. அதனால் வளர்மதி மட்டும் போவதென்று முடிவானது.

போவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்தோம். "ரிட்டர்ன் அப்பறம் போட்டுக்கலாம்ப்பா. ஒரு வருஷம் இருக்குது இல்ல, இன்னா அவசரம்" என்றாள் அபிநயா. நானும் பெரிய மனிதன் மாதிரி, "ஆமாம்மா, நான் சமாளிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னேன்.

டிக்கெட் கிடைத்தது செவ்வாய்க்கிழமைக்கு. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

"செவ்வாக்கெழம வடக்க சூலங்க. மெட்ராஸ் வடக்கதான இருக்குது?" என்றாள் வளர்மதி.

நான் போனில் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். "வடக்கு இல்ல, பாரு. வடகிழக்கு."

"அதுல வடக்கு பாதி இருக்குதா இல்லியா?"

இருந்தது. அதனால் பரஸ்தானம் வைப்பதென்று முடிவு செய்தாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்பும் நாளில் போகிற திசைக்குச் சூலம் என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், போகிறவருடைய பொருளை ஒரு பையில் போட்டுப் போகும் வழியில் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே அவர் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் போனாலும் தோஷம் இல்லை. அதுவரை பையை அசைக்கக் கூடாது; போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

உளுந்தூர்பேட்டையில் என் அக்கா அமிர்தம் வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பையைக் கொண்டுபோய் அங்கே வைக்கும் வேலை என்னுடையது. பையில் ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள், ஒரு புடவை. அவற்றின் மேல் வளர்மதி தன் மூக்குக் கண்ணாடியையும் வைத்தாள்.

"கண்ணாடிய எதுக்கு வெக்கற?"

"தெனமும் உபயோகிக்கிற பொருளா ஒண்ணு இருக்கணும். அப்பத்தான் நம்ம ஆளே போன மாதிரி."

"பை போயி உளுந்தூர்பேட்டையில உக்காந்துகினா நீ கெளம்பிட்டன்னு அர்த்தமா? இத்த யாரு நம்புவா?"

"நம்ப வேண்டியவங்க நம்புவாங்க. நீங்க வண்டிய எடுங்க."

கிளம்பிப் போய்விட்ட அந்த அம்மாள்தான் அடுத்த இரண்டு நாளும் கண்ணாடி இல்லாமல் எனக்குச் சமைத்துப் போட்டாள். குழம்பில் உப்பை ஒரு தரம் போட்டாளா, இரண்டு தரம் போட்டாளா என்று அவளுக்கும் தெரியவில்லை. சாப்பிட்ட எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே ராஜதுரை வேன் கொண்டுவந்துவிட்டான். மலைமேல் இருக்கிற கரியாலூர்க்காரன். அருவி பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில். எனக்குப் பழக்கம். அபிநயாவுக்கென்று மலையில் விளைந்த சாமை அரிசி ஒரு மூட்டை கட்டி எடுத்து வந்திருந்தான். அதில் பாதியைத்தான் பெட்டிக்குள் திணிக்க முடிந்தது.

உளுந்தூர்பேட்டையில் நின்று பையை எடுத்தோம். அக்கா பெருமூச்சு விட்டாள். "எடுத்துனு போடா கலைவாணா. ரெண்டு நாளா அந்த மூலையப் பெருக்கக்கூட இல்ல. உம் பொண்டாட்டி கண்ணாடி என்னியே பாத்துகினு இருந்துச்சு."

வளர்மதி அங்கேயே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வேலையாக என் சட்டையைப் பார்த்து, "இதுவா போட்டுகினு வந்தீங்க?" என்றாள்.

சென்னை விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். வளர்மதி பெட்டியைத் தள்ளிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் ராஜதுரையும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றோம். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"இன்னாங்க, இந்தப் பொண்ணு நான் எப்ப திரும்பி வருவேன்னு கேக்குது."

"புள்ள பொறந்து, கொஞ்சம் வளந்ததும் வருவேன்னு சொல்லு."

"சொன்னேன். வாயால சொன்னா பத்தாதாம்."

போன் அந்தப் பெண்ணின் கைக்குப் போனது. "சார், ஷாலினி பேசறேன், செக்-இன் கவுன்டர்ல இருந்து. அம்மாகிட்ட போற டிக்கெட் மட்டும்தான் இருக்கு. அந்த நாட்டை விட்டுக் கெளம்பிடுவாங்கன்னு ஒரு ப்ரூஃப் வேணும் சார்."

"ஒரு வருஷ விசாம்மா அது."

"பார்த்தேன் சார். ஆனா சிஸ்டம் ரிட்டர்ன் கேக்குது. இந்த மாதிரி விசாவுக்கு வேணுமா வேணாமான்னு சூப்பர்வைசர்தான் சொல்லணும். அவர் வேற பிரச்சினையில மாட்டிக்கிட்டிருக்கார். கவுன்டர் மூடிட்டா நானே நெனச்சாலும் அனுப்ப முடியாது."

இந்த விமானம் போனால் அடுத்த டிக்கெட் எப்போது கிடைக்குமோ தெரியாது. ஆனி முடிய அதிக நாள் இல்லை. பிள்ளை யாருக்காகவும் காத்திருக்காது.

போனில் வளர்மதி அந்தப் பெண்ணுக்குத் தன்னால் முடிந்த ப்ரூஃபையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "வூட்ல ரெண்டு மாடு செனையா இருக்குது கண்ணு. கரும்பு நிக்குது. இதெல்லாம் வுட்டுட்டு நான் அங்க எதுக்குத் தங்கப் போறேன்? எம் புருஷன் வெளியதான் நிக்கிறாரு, நீயே பாரேன். ஏங்க, கையக் காட்டுங்க."

எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியாமல் கண்ணாடிச் சுவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். ராஜதுரையும் ஆட்டினான். காவலுக்கு நின்றவர் வந்து எங்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"சார்," என்றாள் ஷாலினி, அவளுக்கும் பாவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். "இப்பவே ஒரு ரிட்டர்ன் டிக்கெட் போட்டு அனுப்புங்க. நான் அதைப் பதிஞ்சுட்டு விட்டுடறேன். அந்த டிக்கெட்லயே வரணும்னு இல்ல. அப்புறம் கேன்சல் பண்ணிக்கலாம்."

"அதுல வரப்போறது இல்லன்னா எதுக்கும்மா டிக்கெட்டு? அத்த வெச்சி இவ வந்துருவான்னு யாரு நம்புவா?"

"சிஸ்டம் நம்பும் சார்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தப் பக்கம் வளர்மதியின் குரல் சட்டென்று தெளிவாகிவிட்டது.

"ஏங்க, இது கூடவா புரியல? பரஸ்தானங்க. நாம உளுந்தூர்பேட்டையில வெச்சோமே, அதே மாதிரி திரும்பி வர்றதுக்கும் ஒண்ணு வெக்கச் சொல்றாங்க. மொதல்லயே அப்டி சொல்லியிருந்தா நான் கொண்டாந்திருப்பேனே கண்ணு."

"என்னது மேடம்?" என்றாள் ஷாலினி.

"ஒண்ணுமில்ல. நீ இரு. ஏங்க, பாரதிக்கு போன் போடுங்க."

பாரதி கள்ளக்குறிச்சியில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிற தம்பி. போன டிக்கெட்டும் அவன் போட்டதுதான். ராஜதுரையின் போனில் அவனைப் பிடித்தேன். ஒரு காதில் வளர்மதி, இன்னொரு காதில் பாரதி.

"அண்ணே, எந்தத் தேதின்னு சொல்லுங்க, உடனே போட்டுடறேன்."

"எதுனா ஒரு தேதி போடுப்பா. கேன்சல் பண்ணப் போறதுதான."

இந்தக் காதிலிருந்து அதட்டல் வந்தது. "எதுனா ஒரு தேதியா? பரஸ்தானத்த எதுனா ஒரு நாள்ல வெப்பாங்களா? காலண்டர் பாக்கணும். இருங்க."

"வளரு, கவுன்டர மூடப் போறாங்க."

"காலண்டர் பெட்டியிலதான் இருக்குது."

தினம் கிழிக்கிற சுவர்க் காலண்டரை, லியோனில் கிடைக்காதென்று, ஆணியிலிருந்து கழற்றி எடுத்துப் போயிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எடை மேடையில் இருந்த பெட்டியை இறக்கித் திறந்திருக்கிறாள். போனில் ஜிப் சத்தம், எவர்சில்வர் டப்பா உருளும் சத்தம், "அம்மா, பின்னால லைன் நிக்குது" என்று ஷாலினியின் குரல், "இந்தா கண்ணு, இந்தச் சாமையக் கொஞ்சம் புடி" என்று வளர்மதியின் குரல்.

"எம்மூட்டு சாமையா?" என்றான் ராஜதுரை. "கொட்டிடப் போறாங்கண்ணே."

பாரதி அந்தப் பக்கம் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். "சனிக்கிழமைன்னா சீட்டு நெறைய இருக்குதுண்ணே."

சொன்னேன். "சனி கெழக்க சூலம். அங்கிருந்து நம்மூரு கெழக்கதான?" என்றாள் வளர்மதி.

"திங்கள்?"

"திங்களும் கெழக்கதாங்க சூலம். இத்தன வருஷமா இன்னாத்தக் காலண்டர் கிழிச்சீங்க?"

"புதன்கிழமை ஒண்ணு இருக்குது. நடுவுல ஒரு ஊர்ல விமானம் மாறணும்" என்றான் பாரதி.

காகிதம் புரளும் சத்தம். "அன்னிக்கு அஷ்டமி. அதுவுமில்லாம நடுவுல எறங்கினா அங்கிருந்து மறுபடி சூலம் பாக்கணுமா?"

"அதெல்லாம் திரையில காட்டாதுண்ணே" என்றான் பாரதி.

"வளரு," என்றேன். "நீ ஏறலன்னா அங்க அபி தனியா கெடப்பா. எதையாவது ஒண்ணச் சொல்லு."

மறுபடி காகிதம் புரண்டது. பிறகு சொன்னாள். "கார்த்திகையில இந்த வெள்ளிக்கிழமைக்குப் போடச் சொல்லுங்க. நல்ல நாளு." தேதியையும் படித்தாள்.

"கார்த்திகையா? ஒரு வருஷ விசாடி."

"ஆலையிலேருந்து கரும்பு வெட்ட உத்தரவு அதுக்கப்பறம்தான வரும்? வெட்டு ஆளுங்களுக்குச் சோறாக்கிப் போடறது யாரு, நீங்களா? குழம்புல உப்பு இருக்குதா இல்லியான்னு கண்ணாடி போட்டுகினாலும் உங்களுக்குத் தெரியாது."

பாரதியிடம் தேதியைச் சொன்னேன். அவன் காசைப் பற்றிக்கூடப் பேசாமல் டிக்கெட்டைப் போட்டு வளர்மதியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டான். போனுக்குள் "வந்துருச்சு கண்ணு, பாரு" என்ற குரல் கேட்டது. பெட்டியை மூட ஷாலினியும் கூட உட்கார்ந்து அழுத்தினாள் என்று பிற்பாடு தெரிந்தது.

போர்டிங் பாஸ் கைக்கு வந்தபோது சூப்பர்வைசர் வந்து சேர்ந்தார். அவர் குரலும் எனக்குக் கேட்டது. "இது லாங் ஸ்டே விசா ஆச்சே. இதுக்கு ரிட்டர்னே தேவையில்லையே. அம்மா, அந்த டிக்கெட்டை நீங்க கேன்சல் பண்ணிக்கலாம்."

"வெச்சாச்சு தம்பி," என்றாள் வளர்மதி. "வெச்சத எடுக்கக் கூடாது."

விமானம் ஏறிவிட்டாள். நாங்கள் வேனில் திரும்பினோம். மீதிச் சாமை மூட்டை அவள் சீட்டில் உட்கார்ந்து வந்தது. ராஜதுரை விக்கிரவாண்டி தாண்டும் வரை யோசித்துக்கொண்டே வந்துவிட்டு, "அந்த சிஸ்டத்துக்கு ராகுகாலம் தெரியாதுபோல இருக்குதுண்ணே" என்றான்.

மறுநாள் பாரதி கூப்பிட்டான். "அண்ணே, இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொன்னா கேன்சல் பண்ணிடலாம். பிடித்தம் ரொம்பக் கம்மி."

லியோனுக்குப் போன் போட்டேன். அபிநயாதான் எடுத்தாள். வயிறும் அவளுமாகச் சிரித்துக்கொண்டு இருந்தாள். அம்மா இறங்கியதும் இறங்காததுமாகக் காலண்டரை அவர்கள் வீட்டுச் சமையலறையில் மாட்டிவிட்டாளாம். "கேன்சல் பண்ணுப்பா. அம்மா இங்க ஒரு வருஷம் இருக்கட்டும். நீதான் சமாளிச்சிக்கறேன்னு சொன்ன இல்ல."

"சொன்னேம்மா," என்றேன். "ஆனா அது பரஸ்தானம். எடுக்கக் கூடாது."

"நீ எப்பப்பா இதெல்லாம் நம்ப ஆரம்பிச்ச?"

அதற்குள் வளர்மதி போனைப் பிடுங்கிவிட்டாள். என் பங்குக்கு நானும் ஒரு சந்தேகம் கேட்டேன். "ஏம்மே, வெறும் டிக்கெட்ட வெச்சா போதுமா? தெனமும் உபயோகிக்கிற பொருளா ஒண்ணு இங்க இருக்கணும்னு சொன்னியே. கண்ணாடிய நீ போட்டுகினு பூட்டியே."

"அதான் நீங்க இருக்கீங்களே," என்றாள்.

பாரதிக்குப் போன் செய்து டிக்கெட் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் உளுந்தூர்பேட்டையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். கார்த்திகை வரைக்கும் என்னை வீட்டை விட்டு எங்கேயும் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி வளர்மதி அவளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு மூலையாப் பாத்து உக்காந்துக்கடா," என்றாள் அக்கா. "அங்க வந்தாலும் உன்னச் சுத்தி நான் பெருக்கமாட்டேன், அத்த மட்டும் சொல்லிட்டேன்."