வெள்ளைச் சட்டைக்கு நீலம்

காலையில் எழுந்ததும் கேத்தலை அடுப்பில் வைப்பேன். தண்ணீர் கொதிப்பதற்குள் சுபஹு தொழுவேன். சில நாட்களில் தொழுவதில்லை, கேத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தேங்காய்ப்பூ போட்டு மாக் குழைத்து ரொட்டி சுடுவேன். வட்டமாக வராது. ஒன்றில் சீனி தூவிச் சுருட்டிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைப்பேன். தண்ணீர்ப் போத்தலைக் கழுவி நிரப்புவேன். பிறகு மேசையில் நான் உடுத்திய பழைய சாரத்தை விரித்து மகளின் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணுவேன். சட்டையின் இடது பக்கத்தில், இடுப்புக்குக் கீழே, ஒரு நீலத் திட்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம். வேறு சட்டைகள் அலுமாரியில் இருக்கின்றன. இதைத்தான் எடுப்பேன். மாலையில் தோய்த்துக் காயப்போட்டு, காலையில் திரும்ப இதையே எடுப்பேன். வருடத்தின் நடுவில் ஸல்ஹா வளர்ந்துவிட்டதால் கீழ் மடிப்பை அவிழ்த்து விட்டேன். மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அயன் பண்ணினாலும் போவதில்லை. சட்டை முடிந்த பிறகுதான் பிள்ளையை எழுப்புவேன்.

அன்றைக்கும் அப்படித்தான். பாடசாலையின் கடைசி நாள். தலைக்குத் துணி போட்டு நாடிக்குக் கீழே ஊசி குத்தும்போது ஸல்ஹா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன்.

"வாப்பா, இண்டைக்குப் படிப்பிக்க மாட்டாங்க."

"ஓம்."

"அப்ப ஏன் புத்தகப் பை?"

"பழக்கத்துக்கு."

அவள் பையை எடுத்துத் தோளில் போட்டாள். பிறகு சொன்னாள். "விழாவுக்கு நீங்க உம்மாட ஹெல்மட்டப் போட்டுக்கொண்டு பின்னுக்கு நிக்கணும். இல்லாட்டி எனக்கு ஆரெண்டு தெரியா."

என் மனைவி ரிஸ்னா குடும்பநல மருத்துவமாது. ஜனவரியில் டெங்குக் காய்ச்சலில் மவுத்தானாள். அவள் இருந்தபோது எங்கள் காலைகள் வேறு மாதிரி. கைப்பேசி குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஸ்பீக்கரில் கிடக்கும். யாராவது ஒரு கர்ப்பிணிப் பெண் அதற்குள்ளிருந்து பேசிக்கொண்டிருப்பாள். ரிஸ்னா ரொட்டியைத் திருப்பியபடி "புள்ள ஆடுதா? இடப்பக்கம் சரிஞ்சி படுத்துப் பாருங்க" என்பாள். அதே குரலில் ஸல்ஹாவிடம் "சப்பாத்த மாத்திப் போட்டிருக்கிறீங்க" என்பாள். அதே குரலில் என்னிடம் "தேத்தண்ணி ஆறுது" என்பாள். எல்லோருக்கும் ஒரே குரல். ஊரிலுள்ள குழந்தைகளின் நிறை அவளுக்கு மனப்பாடம். கடைத்தெருவில் ஒரு தாயைக் கண்டால் பெயர் வராது, பிள்ளையின் நிறை வரும். சொந்தப் பிள்ளையின் பாடசாலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. போன வருடக் கடைசி நாளில் கிளினிக் முடிந்து ஸ்கூட்டரில் விரைந்து வந்தாள். கதிரை இல்லை. பின்சுவரோரம் நின்று கை தட்டினாள், ஹெல்மட்டைக் கழற்ற மறந்து. மேடையில் நின்ற ஸல்ஹா பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தாள். அன்று இரவு ரிஸ்னாவுக்கு வெட்கம். "எல்லா உம்மாமாரும் சாரியோட இருக்கிறாங்க. நான் பெற்றோல் செட்டுக்கு வந்தவ மாதிரி" என்றாள்.

நாங்கள் இருக்கும் பாலையூற்று வீடு ரிஸ்னாவுடையது. எங்கள் ஆட்களில் ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போவது. மகள் பிறந்ததும் அவளுக்கு வீடு கட்டத் தகப்பன் கல் அரியத் தொடங்குவார். ரிஸ்னாவின் வாப்பா அபூதாஹிர் மாமா மூதூரில் வயல் செய்பவர். மகளுக்குத் திருகோணமலையில் வேலை என்றதும் இங்கே காணி வாங்கிக் கட்டிக் கொடுத்தார். நான் ஒரு பெட்டியோடு வந்தேன். துறைமுகத்தில் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்யும் முத்தலிப் சொல்வான்: "மாப்பிள எண்டா வாசல்ல நிப்பாட்டின சைக்கிள் மச்சான். எவ்வளவு காலம் நிண்டாலும் சுவரோட சேராது." அவனும் ஒரு சைக்கிள்தான். அதனால் சிரித்துச் சொல்வான்.

மனைவி மவுத்தானால் பிள்ளை தாயின் பக்கத்தோடு. இதை யாரும் சட்டமாகச் சொல்வதில்லை. சாப்பாட்டுக்கு வலது கை என்பது மாதிரி. ரிஸ்னாவை அடக்கிய கிழமையே மாமி நஜ்முன் நிஸா ஸல்ஹாவின் உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள். மாமாதான் தடுத்தார். வருடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. "படிப்பு குழம்பப்படாது. வருசம் முடியட்டும்" என்றார். அப்படித்தான் இந்த வருடம் எனக்குக் கிடைத்தது. நான் ரொட்டி சுடப் பழகினேன். ஊசி குத்தப் பழகினேன். வருடம் முடியும் என்பதை நினைக்காமல் இருக்கவும் பழகினேன்.

விழா மண்டபத்தில் ஓடு ஒழுகியது. மார்கழி மழை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கஸீதா பாட வந்து நின்றார்கள். நான் பின்சுவரோரம் சிவப்பு ஹெல்மட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஸல்ஹா முன்வரிசையில். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே அந்தத் திட்டு எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. அவள் தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி நின்றேன். திரும்பவும் தொட்டாள். பாட்டுத் தொடங்கிவிட்டது, அவள் வாய் திறக்கவில்லை. நான் ஹெல்மட்டைப் போட்டேன்.

தன் பிள்ளையைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற முத்தலிப் மேலே பார்த்தான். "என்ன மச்சான், ஓடு விழுமெண்டு ஆரும் சொன்னாங்களா?"

"மழை ஒழுகுது."

"ஒழுகுறது எனக்கு மேல."

ஸல்ஹா பாடினாள். சிரிக்கவில்லை. பாட்டு முடியும்வரை ஹெல்மட்டையே பார்த்துக்கொண்டு பாடினாள். அதற்குள் நான் இருந்தது அவளுக்கு முக்கியமாக இருந்ததா என்று தெரியவில்லை. ஹெல்மட்டுக்குள் இன்னும் ரிஸ்னாவின் தலை எண்ணெய் மணந்தது.

வெளியே வரும்போது வகுப்பு டீச்சர் ஓர் உறையைத் தந்தார். விடுகைப் பத்திரம். முந்திய கிழமை நான்தான் கேட்டிருந்தேன், மாமா சொன்னபடி. "மூதூர்ல நல்ல பள்ளிக்கூடங்கள் இருக்கு" என்றார் டீச்சர். பிறகு சட்டையைப் பார்த்தார். வருடம் முழுக்கக் கேட்காததை அன்றைக்கும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமாவும் மாமியும் வந்திருந்தார்கள். கடல் குழப்பம், மூதூருக்கு வள்ளம் ஓடவில்லை. கிண்ணியா சுற்றி பஸ்ஸில் வந்திருந்தார்கள், அதே வழியில் பிள்ளையோடு திரும்புவதாக ஏற்பாடு. மாமி பேத்தியைக் கட்டிப்பிடித்தாள். பிறகு சட்டையைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னும் இதையா போட்டு அனுப்புறீங்க? பாக்கிற சனம் என்ன நினைக்கும், இதுக்கு ஆளில்ல எண்டா?"

"அது வாப்பாக்கு விருப்பமான சட்டை" என்றாள் ஸல்ஹா.

"வாப்பாக்கா போடுறது? கழட்டுங்க. ஜெஸ்மின் சாச்சி புதுசா தைச்சி வெச்சிருக்கிறா."

ஜெஸ்மின் ரிஸ்னாவின் தங்கை. மூதூரில் மாமா கட்டிய மற்ற வீட்டில் இருக்கிறாள். நல்ல பெண். பிள்ளையை நன்றாகப் பார்ப்பாள். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை.

ஸல்ஹா பூப்போட்ட சட்டைக்கு மாறினாள். வெள்ளைச் சட்டை குளியலறை வாளியின் விளிம்பில் தொங்கியது. மாமி பையில் உடுப்புகளை அடுக்கினாள். மாமா தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கதிரைக்கு அடியில் வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்தார்.

"மருமகன், நான் இவ்வளவு நாளும் இதக் கேக்கல்ல. புள்ளயக் கொண்டு போக முன்னுக்குக் கேக்கணும். அவ கடைசியா என்ன சொன்னவ?"

மாமியின் கை பைக்குள் நின்றது.

மாமியிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. அடக்கிய அன்று வந்த பெண்களிடம், மகள் கலிமாச் சொல்லித்தான் போனாள் என்றாள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதியபோது, மகள் "உம்மா" என்று கூப்பிட்டதும் சேர்ந்துகொண்டது. பெருநாளைக்குள் அது முழு வாக்கியமாகியிருந்தது: என்ட புள்ளய உம்மாட்ட குடுங்க. மாமி அதைச் சொல்லும்போது அழுவாள். பொய்யாக அழவில்லை. ஆனால் மாமி அங்கே இருக்கவில்லை. அன்றைக்கும் கடல் குழம்பித்தான் கிடந்தது. வள்ளம் இல்லை, பாதையெல்லாம் வெள்ளம், பஸ் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வாக்கியத்துக்குள்தான் மாமி ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். நான் அதை ஒருமுறையும் மறுக்கவில்லை.

"அதான் நான் சொன்னனே" என்றாள் மாமி, பையைப் பார்த்தபடி.

"நீங்க பொறுங்க. கூட இருந்தவர் அவர்." மாமா என் பக்கம் குனிந்தார். "மவுத்தானவட சொல்லு வஸிய்யத்து. அத மாத்தினா நாளைக்கு அல்லாஹ்ட்ட நான் பதில் சொல்லணும். அவ புள்ளய உங்களோட வெச்சிக்கச் சொன்னவ எண்டா சொல்லுங்க. இப்பவே நாங்க வெறுங்கையோட போறம். வீடும் புள்ளைக்குத்தான், நீங்களும் இருங்க. ஆர் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கொள்றன்."

அவர் மெய்யாகவே சொன்னார். மாமா சொன்னால் செய்பவர். ஒரு வாக்கியம் போதும். "ஸல்ஹாவ நீங்க வளருங்க எண்டவ." சொல்ல எவ்வளவு இலகு. மாமி எதுவும் பேச முடியாது. ரிஸ்னாவும் அதை மறுத்திருக்க மாட்டாள், நேரம் இருந்திருந்தால் அதையே சொல்லியிருக்கவும் கூடும். நான் வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்தது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. ஒருமுறை சொல்லிவிட்டால் அதுதான் அவள் சொன்னதாகிவிடும். மாமா பள்ளிவாசலில் சொல்வார், ஜெஸ்மின் சொல்வாள், ஸல்ஹா பெரியவளாகித் தன் பிள்ளைகளுக்குச் சொல்வாள். நானும் நம்பத் தொடங்கிவிடுவேன், மாமி மாதிரி. உண்மையில் அவள் சொன்னதை வைத்திருப்பதற்கு அப்புறம் ஒருவரும் இருக்க மாட்டார்கள். உண்மையைச் சொல்லலாம். அதில் பிள்ளை யாருக்கு என்ற வஸிய்யத் எதுவும் இல்லை. எனக்கும் இல்லை, மாமிக்கும் இல்லை. மாமிக்குக் கலிமாவும் இல்லாமல் போகும்.

மாமி இப்போது என்னைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"அவ சொன்னது எனக்கு விளங்கல்ல மாமா" என்றேன். "மாமி சொல்றதுதான் சரியா இருக்கும்."

மாமா தலையாட்டினார். மாமி பையின் சிப்பை இழுத்தாள், அது இடையில் சிக்கியது, திரும்ப இழுத்தாள். நான் சட்டைப் பையிலிருந்த உறையை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன்.

முச்சக்கர வண்டி வந்தது. ஸல்ஹா உள்ளே ஓடிப்போய் ஹெல்மட்டை எடுத்து வந்தாள்.

"மூதூர்ல ஆரு ஸ்கூட்டர் ஓடுறது?" என்றார் மாமா.

"நான்."

"கால் எட்டுமா?"

"எட்டும்போது ஓடுவன். அதுவரைக்கும் வெச்சிருப்பன்." பிறகு என்னிடம் திரும்பினாள். "நீங்க வெள்ளிக்கிழமையில வருவீங்கதானே?"

"ஓம்."

"கடல் குழம்பினா?"

"பஸ்ல வருவன்."

"பஸ் இல்லாட்டி?"

மாமி அவளை உள்ளே ஏற்றினாள். மழைக்காக வண்டியின் இரு பக்கமும் றெக்சீன் திரையை இறக்கிவிட்டார்கள். அதன்பின் யாரும் தெரியவில்லை. திரையின் கீழால் ஹெல்மட்டின் சிவப்பு மட்டும் கொஞ்சம் தெரிந்தது, சந்தி வரைக்கும்.

வீட்டுக்குள் வந்தேன். கோப்பைகளைக் கழுவினேன். ஸல்ஹா தண்ணீர்ப் போத்தலை விட்டுவிட்டுப் போயிருந்தாள், அதையும் கழுவி நிரப்பி மேசையில் வைத்தேன். குளியலறையில் சட்டை வாளி விளிம்பில் அப்படியே கிடந்தது. நாளைக்குப் பாடசாலை இல்லை. அதற்குப் பிறகும் இங்கே இல்லை. சவர்க்காரம் போட்டுத் தோய்த்தேன். திட்டு இருந்த இடத்தைத் தேய்க்கவில்லை. மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து, பின் தாழ்வாரத்துக் கொடியில், ரிஸ்னாவின் ஸ்கூட்டருக்கு மேலாக விரித்தேன். சாரல் அடித்தது. சட்டையின் நுனியிலிருந்து தண்ணீர் ஸ்கூட்டரின் இருக்கையில் சொட்டியது. அது காயாது என்று தெரியும்.

ஜனவரியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில் பாடசாலை தொடங்கியிருந்தது. காய்ச்சலோடு எழுந்து வீட்டு வேலை பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. வார்டில் அடுத்த நாள் பகலில், சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையால் என் கையைத் தட்டினாள். உதடு வெடித்திருந்தது. நான் குனிந்தேன். கைப்பேசியில் தாய்மாரோடு பேசும் அதே குரல், கொஞ்சம் மெதுவாக. சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு பேசவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைத் திறந்தபோதுதான் வாளியைப் பார்த்தேன். நீலம் ஒரு பக்கமாக அடியில் தங்கியிருந்தது.

"புள்ளட வெள்ளச் சட்டைய நீலத்துல ஊறப் போட்டுட்டு வந்திட்டன். போனதும் அலசி விரிச்சி விடுங்க, திட்டுப் பிடிச்சிரும்."