இரண்டு ஞானஸ்நானங்கள்

இல்ஃபோர்டில் இருந்த வாமதேவனின் அலுவலகத்தில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களுக்குத்தான் மதிப்பு. கேட்டு வருகிறவர்களுக்கு அவர்களுடைய பூட்டனையும் பூட்டனுக்குப் பூட்டனையும் தேடிக் கொடுப்பதே அங்கு தொழில். சிவரூபினி ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

இந்த முறை வந்தவர் லண்டனில் குடியிருக்கும் ஓர் அமெரிக்கச் சீமாட்டி. முந்நூற்றறுபது வருடத்துக்கு முன் ஹொலண்டிலிருந்து கப்பலேறிப்போய், ஹட்சன் ஆற்றங்கரையில் காடு வெட்டிக் குடியேறிய வான் ஓஸ்ட்வீன் என்பவரின் நேர் வாரிசு தான் என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. அதற்கு ஓர் அத்தாட்சிதான் வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமை காலை, அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டின் பிரதியில் சிவரூபினி அதைக் கண்டாள். 1664 ஜனவரியில் வான் ஓஸ்ட்வீனின் மகள் அன்னாவுக்கு ஞானஸ்நானம். அதே வருடம் ஜூனில் மகன் பீட்டருக்கு. இரண்டுக்கும் தாயென்று ஒரே பெயர்தான் பதிந்திருந்தது. பிள்ளை பிறந்த கையோடு ஞானஸ்நானம் கொடுக்கிற காலம் அது. ஐந்து மாதத்தில் எந்தத் தாய் இன்னொரு பிள்ளை பெறுவாள்? அடக்கப் பதிவைப் புரட்டினாள். அந்த ஜூனில் வான் ஓஸ்ட்வீனின் தம்பி மனைவி பிரசவத்தில் இறந்திருந்தாள். தம்பி அதற்கு முன்பே செத்துப்போயிருந்தான். பீட்டர் அந்தத் தம்பியின் பிள்ளை. சீமாட்டியோ பீட்டரின் வழி வந்தவர்.

கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொள்ள வேண்டிய நேரம். அவளோ பதிவேட்டின் பிரதியை மூடிவைத்தாள்.

ஏனென்றால் அவளுடைய கடதாசிகளிலும் இதே கதைதான். பிரசாந்தினி பிறந்தது மார்ச்சில், சிவரூபினி பிறந்தது அதே வருடம் ஜூலையில். இருவருமே விஜயரத்தினத்தின் பிள்ளைகள் என்று பதிந்திருந்தது. உண்மையில் அவர் அவளுடைய சித்தப்பா. ஏழு வயதில் ஷெல்லடியில் தாயையும் தகப்பனையும் ஒரே நாளில் பறிகொடுத்தவளை, லண்டனில் அகதியாக இருந்த அவர் மகள் என்று எழுதி, மனைவி பிள்ளையோடு சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டார். அந்த அவசரத்தில் பிறந்த திகதியை மாற்ற மறந்துபோனார். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை.

"இந்தப் பீட்டரை எப்பிடிப் பிடிச்சனீங்கள்?" என்று வாமதேவன் கேட்டார். ஆட்களை மன்னித்தாலும் திகதிகளை மன்னிக்காத மனிதர் அவர்.

"சும்மா கண்ணிலை பட்டுது, அண்ணை."

"இனி எந்தக் குடும்பத்தின்ர பட்டியல் வந்தாலும் நான் முதல்லை இதைத்தான் பாப்பன்."

அன்று மத்தியானமே ஒரு படிவம் வந்தது. அலுவலகத்துக்கு அரசாங்க ஆவணக் காப்பகம் ஒன்றின் வேலை கிடைத்திருந்ததால், பாதுகாப்புச் சோதனைக்காக ஊழியர் எல்லோரும் பெற்றோர், கூடப்பிறந்தோர், அவர்களின் பிறந்த திகதி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாமதேவன் வரிவரியாகப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பார். கத்தியைத் தீட்டி அவர் கையில் கொடுத்ததே தான்தான் என்று நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

அன்றிரவு கோலியர்ஸ் வுட் வீட்டில் விஜயரத்தினம் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"திகதியை மாத்தி எழுதட்டோ, அப்பா?"

"மாத்தினாத்தான் மாட்டுவாய். பழைய பைல் குடிவரவுக்காரரிட்டைக் கிடக்கு." கையை உதறினார். "பொய் எழுதினது நான். பிடிச்சா என்னைப் பிடிக்கட்டும்."

"உங்களுக்கு எழுபத்திமூண்டு வயசு."

"ஓம். அதுக்கு?"

அதற்குப் பிறகு அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இந்த வயதில் அவரை விசாரணைக்கு இழுப்பார்களோ, குடியுரிமையைப் பறிப்பார்களோ என்ற பயம் அடுத்த இரண்டு நாளும் அவளைப் பிடுங்கித் தின்றது.

வெள்ளிக்கிழமை படிவத்தை உள்ளபடி நிரப்பிக் கொடுத்தாள். வாமதேவன் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பேனையைத் திறந்தார். நல்லகாலம், அவசரத்தில் இருந்தார். அவளுக்கு மூச்சு வந்தது.

"பிரசாந்தினி அக்காவோ, தங்கச்சியோ?" என்று பேச்சுக்குத்தான் கேட்டார்.

"அக்கா. நாலு மாசம் மூப்பு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. நாலு நாளாக அதே எண் தலைக்குள் சுற்றியதன் வினை. வாமதேவன் பேனையை மூடினார். படிவத்தை மறுபடி எடுத்து மார்ச்சையும் ஜூலையையும் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ரூபினி, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களை இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது ஆர்?"

"அப்பா," என்றாள்.

அதில் பொய் ஏதும் இருப்பதாக அவளுக்குப் படவில்லை.