தம்பியின் சாய்வெழுத்து

தம்பியின் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, சாய்க்கும் பொத்தானை அழுத்தினாள் அக்கா. கணினி நொடியில் எல்லா எழுத்தையும் சாய்த்தது. காற்றில் சரிந்த வேலி போலிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அருகில் நின்ற அச்சகக்காரர். "மூணு மணிக்கு எடுக்கறாங்க. அதுக்குள்ள இரங்கல் அட்டை அடிக்கணும்க்கா."

விடிகாலையில் இறந்த தம்பி அடுத்த அறையில் கிடந்தான். எழுத்து வடிவமைப்பதுதான் அக்கா, தம்பி இருவருக்கும் தொழில். நுனிகளில் கட்டையான பாதம் வைத்த எழுத்து அவனுடையது. தலைப்புக்கும் எச்சரிக்கைக்கும் விலைப்பலகைக்கும் போட்டால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். அதன் சாய்ந்த வடிவத்தை மட்டும் கணினியிடம் விடமாட்டான். சாய்த்தால் வளைவு நசுங்கும், பாதம் கூராகும் என்று ஒவ்வொன்றையும் கையால் வரைந்தான்.

"மரக்கட்டைச் செருப்பு போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுறவன் மாதிரி இருக்கணும்க்கா. அவசரமும் தெரியணும், தடுக்கியும் விழக்கூடாது" என்பான்.

மாத்திரை டப்பாவில் அச்சிட அந்தச் சாய்ந்த எழுத்தைக் கேட்ட மருந்துக் கம்பெனி இரண்டு வாரம்தான் தந்தது. நோய் தந்த கை நடுக்கத்தில் அவனுக்கு ஓர் எழுத்துக்கே இரண்டு நாள் ஆனது. அவள் நேர் எழுத்தைக் கணினியில் சாய்த்து அனுப்பிவிட்டு, "டப்பாவுக்கு இவ்வளவு எழுத்து போதும், நீ வரைஞ்சதுதாண்டா போயிருக்கு" என்றாள். அவன் சிரித்தான். நல்லதுக்குச் சொன்ன பொய்தான் என்று கடவுளிடம்கூட வாதாடிப் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் ஜெயிக்கவில்லை.

தம்பி மனைவி தாள்கள் அடுக்கிய ஒரு கோப்பினை மேசைமேல் வைத்தாள். "அண்ணி, இதுலேருந்து எடுத்துப் போடுங்க. போன வாரம்தான் முடிச்சாரு."

பென்சில் கோடும் மையுமாக, சாய்ந்த எழுத்துகள் அத்தனையும் இருந்தன. சில இடங்களில் கோடு நடுங்கியிருந்தது. பாதம் ஒன்றுகூடப் பிசகவில்லை.

"நான் அவன்கிட்ட பொய் சொல்லிட்டேம்மா. மருந்து டப்பாவுல இருக்கறது அவன் எழுத்தில்ல."

"அவருக்குத் தெரியும் அண்ணி."

அக்கா நிமிர்ந்தாள்.

"அவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அதே கம்பெனி மாத்திரைதானே. டப்பாவைப் பாத்ததும் கண்டுபிடிச்சிட்டாரு. நீங்க வர்ற சத்தம் கேட்டா, எழுத்து சுவத்துப் பக்கம் போற மாதிரி திருப்பி வைக்கச் சொல்வாரு. 'அக்கா பாத்தா சங்கடப்படுவா'ன்னு."

அடுத்த அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

அக்கா கணினியை அணைத்தாள். தம்பி வரைந்த தாளின் மேல் மெல்லிய தாளை விரித்து, அவன் பெயரின் முதல் எழுத்தைப் பின்பற்றிப் பேனாவை நகர்த்தினாள். கண்ணில் நீர் நின்றதால் கோடு சரியாகத் தெரியவில்லை.

அச்சகக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலருகே போய், தாளில் வெளிச்சம் விழும்படி திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.