ஐந்தாமவர் ஜூலை ஆனது

நாட்காட்டிக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். சன்னலோரம் மார்ச், அடுத்தடுத்து ஏப்ரல், மே, ஜூன். இந்த நால்வருக்கும் பெயர் உண்டு. ஐந்தாம் நாற்காலியில் ஐந்தாமவர். ரோமாபுரிக்காரர்கள் குவின்டிலிஸ் என்பார்கள், பொருள் அதேதான். அவருக்குப் பின்னால் பத்தாமவர் வரைக்கும் நாற்காலி எண்தான் பெயர். ஜனவரியும் பிப்ரவரியும் பிற்பாடு சேர்ந்தவர்கள். நாற்காலியை வீட்டிலிருந்து தூக்கிவந்து மார்ச்சுக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். அதனால் ஐந்தாமவர் ஏழாவதாக உட்கார்ந்திருந்தார். 

நாட்காட்டி அலுவலகத்தின் தலைமை எழுத்தர், சிரஸ்தார் அனந்தப்பன் எழுந்தார்.

"ஐந்தாமவரே, இன்னையிலேருந்து உம்ம பேரு ஜூலை. ரோமாபுரில ராஜா ஆகாமலே குத்துப்பட்டுச் செத்தாரே ஜூலியஸ், அவரு உம்ம மாசத்துலதான் பொறந்தாரு."

"அதுக்கு நான் என்ன சார் பண்ணினேன்?"

"தடுக்கலியே."

ஆறாமவர் காதோரம் குனிந்தார்.

"அண்ணாச்சிக்கு யோகந்தான். எனக்கும் ஒரு ராஜா செத்து வாய்க்க மாட்டானா?"

அந்த ஊரில் பெயரைச் சொன்னால்தான் கதவுகள் திறக்கும். ஐந்தாமவர் தம் தெருவுக்குப் போனார். தெருவில் முப்பத்தோரு வீடுகள். எல்லாம் அவர் வீடு. எல்லாவற்றிலும் அவர் மனைவி செண்பகவடிவு இருந்தாள்.

முதல் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

பழைய பெயரைச் சொல்ல வாயெடுத்தார். ஜூலை என்றுதான் வந்தது.

"அப்படி இங்க யாருமில்லையே. எங்க வீட்டுக்காரரு கூட்டத்துக்குப் போயிருக்காரு. இட்லி ஆறிப்போகும்னு மூடி வச்சிருக்கேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவரு வந்தா வழி வேணும்லா?"

அவர் தள்ளி நின்றார். அடுத்த கதவைத் தட்டினார். எல்லாக் கதவுக்குப் பின்னாலும் இட்லி மூடியிருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார்.

"சார், எனக்குப் பழைய பேரே போதும்."

"அதை ஜூலியஸ்கிட்டல்லா கேக்கணும்?"

"அவருதான் செத்துட்டாரே."

"செத்தவங்களுக்கும் தபால் போவும். எழுதும்."

அவர் எழுதினார். பெறுநர், பொருள், ஐயா எல்லாம் முறையாக வந்தன. மனைவி காத்திருப்பதையும், அவள் இன்னும் சாப்பிடாததையும் தனிப் பத்தியாக எழுதினார். பழைய பெயரைத் தயவுகூர்ந்து திருப்பித் தருமாறு முடித்தார்.

"கையெழுத்து எங்கவே?"

"எந்தப் பேருல சார் போட?"

"உம்ம பேருலதான். வேற யாரு பேருல போடுவீரு?"

இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த ஜூலை என்று போட்டார். சிரஸ்தார் கையெழுத்தை உரக்க வாசித்துப் பார்த்தார். எதிர்ப்பு இல்லை என்று குறித்துக்கொண்டார். பிறகு உறையை ஒட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்து, தபால் பையில் போட்டு அனுப்பினார்.